மூன்று வெப்பநிலைப் பதிவேடுகள்: எதை எதற்கு நம்புவது?

1978 இறுதியில் ஏவப்பட்ட டைரோஸ்-என் செயற்கைக்கோள் தொடங்கி இன்றுவரை பறக்கும் நுண்ணலை உணரிகள் காற்றின் வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. 50 முதல் 60 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்களில் ஆக்சிஜன் உமிழும் கதிர்வீச்சையே அளக்கின்றன. இவ்வகையில் பழைய கருவியான எம்எஸ்யூ 25.6 விநாடிக்கு ஒருமுறை பூமியைப் பதினொரு கோணங்களில் பார்த்துவிட்டு, 2.7 கெல்வின் குளிரிலுள்ள விண்வெளியையும் தன்னுள்ளேயே இருக்கும் வெப்ப இலக்கையும் பார்த்துத் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். இவ்வளவு ஒழுங்கான கருவியின் தரவிலிருந்து அலபாமா பல்கலைக்கழகத்தின் ஹன்ட்ஸ்வில் குழுவும் (யூஏஎச்), கலிபோர்னியாவின் ஆர்எஸ்எஸ் நிறுவனமும், அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் ஸ்டார் மையமும் வெவ்வேறு விடைகளைப் பெறுகின்றன.

சிக்கல் பெரிதும் சுற்றுப்பாதையில்தான் இருக்கிறது. நிலநடுக்கோட்டைப் பிற்பகலில் கடக்க வேண்டிய செயற்கைக்கோள் ஆண்டுக்கணக்கில் மாலையை நோக்கி நழுவும்போது, அன்றாடம் மாலையில் நிகழும் குளிர்ச்சி பருவநிலை மாற்றமாகவே பதிவாகிவிடும். இதைத் திருத்த ஆர்எஸ்எஸ் பருவநிலை மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டு அவற்றை அளவீடுகளால் செப்பனிடுகிறது. யூஏஎச் அளவீடுகளையே சார்ந்திருக்கிறது. யூஏஎச் பதிவில் செயற்கைக்கோள்கள் தாழ்ந்திறங்கியதன் விளைவு விடுபட்டிருந்ததை 1998இல் ஆர்எஸ்எஸின் வென்ட்ஸும் ஷாபெலும், நாள்நேரத் திருத்தத்தின் குறி தலைகீழாக இருந்ததை 2005இல் அதே நிறுவனத்தின் மியர்ஸும் வென்ட்ஸும் காட்டினர். இவை சரிசெய்யப்பட்ட பின்னும் இடைவெளி மூடவில்லை: 1979 முதல் 2016 வரை, அடிவளிமண்டலம் எனப்படும் தரையையொட்டிய காற்றடுக்கின் கீழ்ப்பகுதியில் பத்தாண்டுக்கு ஆர்எஸ்எஸ் ஏறத்தாழ 0.18 டிகிரி என்கிறது, யூஏஎச் ஏறத்தாழ 0.12 என்கிறது. நோவா-14, நோவா-15 ஆகிய செயற்கைக்கோள்களின் அளவுகள் முரண்படும் ஆண்டுகளில் எதற்கு எடை கொடுப்பது என்பதும் இந்த இடைவெளிக்கான காரணங்களில் அடங்கும்.

ஸ்டாரின் ஐந்தாம் பதிப்பு வேறு வழியில் போகிறது. கடக்கும் நேரம் மாறாமல் காக்கப்பட்ட அக்வா, மெட்ஆப்-ஏ, சுவோமி என்பிபி, நோவா-20 ஆகிய செயற்கைக்கோள்களின் 2002க்குப் பிந்தைய அளவீடுகளை உரைகல்லாகக் கொண்டு, பழைய செயற்கைக்கோள்களைப் பின்னோக்கிப் பொருத்துகிறது. திருத்தம் எவ்வளவு நுட்பமானது என்பதைவிடத் திருத்தமே தேவைப்படாத தரவு மேலானது என்பதால் இந்த வழியே எனக்கு உறுதியாகப் படுகிறது. இதன்படி 1979 முதல் 2021 வரை நடு அடிவளிமண்டலத்தின் போக்கு பத்தாண்டுக்கு 0.092 டிகிரி மட்டுமே. இதைக் கண்டு வெப்பமாதல் சிறிது என்போர், அந்த அலைவரிசையில் அதற்கு மேலே குளிர்ந்துவரும் அடுக்கு மண்டலமும் கலந்திருப்பதை மறந்துவிடுகின்றனர். அதை நீக்கினால் 0.142, அதிலும் பிற்பாதியின் வேகம் முற்பாதியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு.

ஆகவே 2002க்குப் பிந்தைய காலத்துக்கு நான் ஸ்டாரையே எடுப்பேன். அதற்கு முன் நிலையான பாதையில் பறந்த துணை எதுவும் இல்லாததால், தொண்ணூறுகளுக்கு மூன்று பதிவுகளையும் அருகருகே வைத்து, அவற்றின் இடைவெளியையே பிழை வரம்பாகக் கொள்வதுதான் முறை.