கார்த்தேஜ், எல் கூனா: யார் நடத்தும் விழா?

துனிசியாவின் கார்த்தேஜ் திரைப்பட விழாவை 1966இல் தொடங்கியவர் தாஹர் ஷெரியா. அவர் விமர்சகர், கலாசார அமைச்சகத்தில் சினிமாத் துறையைக் கவனித்த அதிகாரியும்கூட. அரபு, ஆப்பிரிக்கப் படங்களுக்கு நம் கையிலேயே ஒரு மேடை வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பரிசின் பெயர் தானித். ஒரு முக்கோணம், குறுக்கே ஒரு கோடு, மேலே ஒரு வட்டம்: பழைய கார்த்தேஜின் பெண் தெய்வமான தானித்தின் சின்னம். முதல் தங்கத் தானித் செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேனுக்குப் போனது. விழாவின்போது சிறைக்குள்ளேயே படம் போட்டுக் கைதிகளுக்கும் காட்டுகிறார்கள். 2015இல் விழா நடக்கும்போதே துனிஸில் குண்டு வெடித்தது. அமைப்பாளர்கள் விழாவைக் கைவிடவில்லை.

எகிப்தின் எல் கூனா திரைப்பட விழா வேறு மாதிரி. 2017இல் தொழிலதிபர்கள் சவிரிஸ் சகோதரர்கள் செங்கடல் ஓரத்தில் தொடங்கியது. தொடக்கத்தில் விழா இயக்குநர் பொறுப்பு ஈராக்கைச் சேர்ந்த இன்திஷால் அல் தமீமியிடம் இருந்தது. தயாரிப்பில் இருக்கும் படங்களுக்கு அங்கே பண உதவியும் கிடைக்கும்.

2023இல் காசா போர் மூண்டபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. கார்த்தேஜை கலாசார அமைச்சகமே ரத்து செய்தது. எல் கூனா டிசம்பருக்குத் தள்ளிவைத்து நடத்தியது. இருந்தாலும் என் மனம் கார்த்தேஜ் பக்கம்தான். அங்கே டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்பது ஊர் மக்கள்.