புரி பிரிக்கும் இரண்டு வளையங்கள்: பாக்டீரியாவின் டிஎன்ஏ-பி, நம் செல்களின் சிஎம்ஜி

இருபுரிக் கயிறு ஒரு முழம் எடுத்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையின் இரண்டு புரிகளையும் ஆளுக்கொரு கையில் பிடித்து விலக்கிப் பாருங்கள். முதல் நாலு விரற்கடை சுலபமாக வரும். அப்புறம் முன்னால் இருக்கும் கயிறு இறுகி, முறுக்கேறி, தன்மேலேயே சுருண்டுகொள்ளும். டிஎன்ஏவைப் பற்றிப் பாடம் நடத்தும்போது நான் இதைச் செய்யச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். ஜிப் திறப்பதுபோல என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும், ஆனால் ஜிப்பில் முறுக்கு கிடையாது. டிஎன்ஏவின் பாடே முறுக்கோடுதான்.

செல் பிரியுமுன் டிஎன்ஏ முழுவதையும் நகலெடுக்க வேண்டும். அதற்காக இரண்டு இழைகளையும் பிரித்துக்கொண்டு முன்னே போகும் நொதிதான் ஹெலிகேஸ். ஈ. கோலை பாக்டீரியாவில் இந்த வேலையைச் செய்வது டிஎன்ஏ-பி என்ற புரதம். ஈஸ்ட்டிலும் ஈயிலும் நம்மிலும் செய்வது சிஎம்ஜி. இரண்டிலும் இருப்பது ஆறு துண்டுகள் சேர்ந்த வளையம். இரண்டும் ஒற்றை இழையை வளையத்தின் துளைக்குள் விட்டு, மற்ற இழையை வெளியே ஒதுக்கி, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து முன்னேறுகின்றன. இவ்வளவு ஒற்றுமையைப் பார்த்தால் ஒரே வம்சம் என்று தோன்றும். இல்லை. இரண்டின் புரத மடிப்பும் வேறு, பாக்டீரியாவும் நாமும் தனித்தனியாகத் தேடிக்கொண்ட விடைகள் இவை என்றே பலரும் கருதுகிறார்கள்.

இரண்டையும் ஒப்பிடுபவர்கள் முதலில் எடுப்பது வேகத்தை. பாக்டீரியாவில் இழை பிரியும் முனை நொடிக்கு ஏறக்குறைய 1000 இணைகளை, அதாவது இரு இழைகளையும் கோக்கும் ஏணிப்படிகளை, கடக்கும். டிஎன்ஏவில் 10.5 இணைகளுக்கு ஒரு சுற்று. அப்படியென்றால் நொடிக்கு 95 சுற்று, நிமிடத்துக்கு 5700. வீட்டு மின்விசிறி முழு வேகத்தில் 350 சுற்றுக்குப் பக்கத்தில்தான் சுழலும். இத்தனை முறுக்கும் முன்னால் ஏறிக்கொண்டே போனால் நகலெடுப்பு நின்றுவிடும் என்பதால், ஜைரேஸ் என்ற இன்னொரு நொதி டிஎன்ஏவை வெட்டி, முறுக்கை விட்டு, திரும்ப ஒட்டிக்கொண்டே இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை பாக்டீரியாவைக் கொல்வது இந்த ஜைரேஸின் கையைக் கட்டித்தான். நம் செல்லிலோ வேகம் நொடிக்குச் சில பத்து இணைகள்தான். 30 என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு மூன்றே சுற்று.

சரி, டிஎன்ஏ-பி வென்றுவிட்டதா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1996இல் வந்த ஆய்வு ஒன்று டிஎன்ஏ-பியைத் தனியாக ஓடவிட்டுப் பார்த்தது. நொடிக்கு ஏறக்குறைய 35 இணைகள்தான். நகலெடுக்கும் பாலிமரேஸோடு டௌ என்ற புரதம் வழியாக அது கைகோத்த பிறகுதான் வேகம் பத்து மடங்குக்கு மேல் எகிறியது. ஈஸ்ட்டின் சிஎம்ஜியும் அப்படியே, கூட்டாளிப் புரதங்கள் சேர்ந்தால்தான் செல்லுக்குள் இருக்கும் வேகத்தைத் தொடுகிறது. ஆக, வேகம் குழுவின் சொத்து. வளையத்தை வைத்து வேகப் போட்டி நடத்துவது, மாட்டை விட்டுவிட்டு வண்டியின் வேகத்தை அளப்பது மாதிரி.

திசையில் உள்ள வேறுபாடு இன்னும் சுவையானது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. ஒவ்வோர் இழையின் இரு நுனிகளுக்கும் 5', 3' என்று பெயர். டிஎன்ஏ-பி 5' முனையிலிருந்து 3' முனை நோக்கிப் போகும், சிஎம்ஜி 3' முனையிலிருந்து 5' நோக்கி. இரண்டும் இழைகள் பிரியும் இடத்தை நோக்கித்தான் ஓடுகின்றன, ஆனால் ஏறி உட்காரும் இழை வேறு. டிஎன்ஏ-பி உட்காருவது துண்டு துண்டாக நகலெடுக்கப்படும் இழையில், சிஎம்ஜி உட்காருவது தொடர்ச்சியாக நகலெடுக்கப்படும் இழையில். இதை உறுதிசெய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஜொஹனஸ் வால்டரின் குழு 2011இல் தவளை முட்டைச் சாற்றில், ஏதாவது ஓர் இழையில் மட்டும் பருமனான புரதம் ஒன்றை ஒட்டி வழியை மறித்தது. தொடர்ச்சியான இழையில் தடை இருந்தால் முனை அங்கேயே நின்றது. மற்ற இழையில் வைத்தபோது அதைத் தாண்டிப் போய்விட்டது. வளையத்தின் துளைக்குள் எந்த இழை போகிறது என்பதை இதைவிட எளிமையாகக் கேட்க முடியாது.

ஆனால் என்னைக் கேட்டால், இரண்டும் உண்மையில் பிரிவது வளையம் டிஎன்ஏவில் ஏறும் நேரத்தில்தான். ஈ. கோலையின் 46 லட்சம் இணைகளுக்கும் நகலெடுப்பு தொடங்கும் இடம் ஒன்றே ஒன்று. அங்கே டிஎன்ஏ-ஏ புரதம் இழைகளைக் கொஞ்சம் பிளந்து வைக்கும். டிஎன்ஏ-சி என்ற உதவியாளர் வளையத்தின் வாயைத் திறந்துபிடித்து, பிளந்த ஒற்றை இழையில் மாட்டிவிடும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வளையங்கள் ஏறும், சீக்கிரமே கிளம்பியும் விடும். மொத்த வேலையும் 40 நிமிடம். சத்து நிறைய இருந்தால் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும். ஒரு நகல் முடியும் முன்னே அடுத்ததைத் தொடங்கிவிடுவதால்தான் அது முடிகிறது.

நம் செல்லில் இது நடக்காது, நடந்தால் ஆபத்து. நமது 1ஆம் குரோமோசோம் மட்டுமே ஏறக்குறைய 25 கோடி இணைகள் நீளம். ஒரே இடத்தில் தொடங்கி இரு பக்கமும் நொடிக்கு 30 வீதம் போனால் 48 நாள் ஆகும், சரியாக ஒரு மண்டலம். செல்லுக்குக் கிடைப்பதோ ஏறக்குறைய 8 மணி நேரம். அதனால் ஆயிரக்கணக்கான இடங்களில் தொடங்க வேண்டும். அத்தனையில் எந்த இடமும் இரண்டாவது முறை தொடங்கிவிடக் கூடாது, தொடங்கினால் மரபணுக்கள் இரட்டை இரட்டையாகக் குவியும்.

இதற்கு நம் செல் செய்யும் ஏற்பாடு, ஏற்றுவதையும் கிளப்புவதையும் பிரித்துவைப்பது. செல் சுழற்சியின் முதல் கட்டத்தில் ஓஆர்சி முதலான புரதங்கள் எம்சிஎம் வளையங்களை, 2 முதல் 7 வரை எண்ணிட்ட ஆறு வெவ்வேறு புரதங்கள் சேர்ந்தவற்றை, இன்னும் பிரியாத இரட்டை இழையைச் சுற்றி மாட்டுகின்றன. முகத்தோடு முகம் பார்த்தபடி ஜோடி ஜோடியாக. ஏறிய வளையங்கள் அசையாமல் தூங்கும். அடுத்த கட்டம் வரும்போது கைனேஸ்கள் என்ற நொதிகள் தட்டியெழுப்ப, சிடிசி45 புரதமும் ஜின்ஸ் என்ற நால்வர் கூட்டணியும் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் அது பதினோரு புரதங்கள் கொண்ட சிஎம்ஜி. (ஜின்ஸ் என்ற பெயர் ஜப்பானிய எண்களிலிருந்து வந்தது: கோ, இச்சி, நி, சான். ஐந்து, ஒன்று, இரண்டு, மூன்று.) தட்டியெழுப்பும் அதே கைனேஸ்களில் ஒன்று, புது வளையம் ஏறும் வழியையும் அடைத்துவிடுகிறது. ஏறும்போது கிளம்ப முடியாது, கிளம்பும்போது ஏற முடியாது.

இந்த இரண்டு படி ஏற்பாடு ஆராய்ச்சியாளர்களையே நெடுங்காலம் சுற்றவிட்டது. எம்சிஎம் மரபணுக்களை 1984இல் பிக் டையின் குழு ஈஸ்ட்டில் அடையாளம் கண்டது. ஆனால் அந்த வளையத்தைத் தனியே எடுத்து இழையைப் பிரிக்கச் சொன்னால் பெரிதாக ஒன்றும் செய்யாது. 2006இல் மைக்கேல் பாட்சனின் குழு பழ ஈயிலிருந்து பதினோரு புரதங்களையும் ஒரே கூட்டாகப் பிரித்தெடுத்த பிறகுதான் தெரிந்தது, இத்தனை நாள் கையில் இருந்தது தூங்கும் வளையம் என்று.

தேவைக்கு மேல் வளையங்களை ஏற்றி வைப்பதும் நம் செல்லின் வழக்கம். பெரும்பாலானவை கிளம்பவே கிளம்பாது. பக்கத்தில் ஒரு முனை பழுதாகி நின்றுவிட்டால் அவற்றில் ஒன்று விழித்து விட்ட இடத்தை முடிக்கும். பாக்டீரியாவிடம் இந்தக் கையிருப்பு கிடையாது. நின்ற முனையில் வளையத்தை மறுபடி ஏற்ற அது வேறு புரதங்களைக் கூப்பிட வேண்டும். 40 நிமிட வேலைக்கு அது போதும். 8 மணி நேரமும் பல ஆயிரம் முனைகளும் என்றால், முன்கூட்டியே ஏற்றிவைத்த சிஎம்ஜியின் வழியைத்தான் நான் நம்புவேன்.

கிளம்பும் கணமும் பார்க்கத் தக்கது. ஜோடி வளையங்கள் முகத்தோடு முகம் பார்த்து இருக்கின்றன அல்லவா? ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டித்தான் விலகிப்போகும் என்று எல்லோரும் எதிர்பார்ப்போம். ஈஸ்ட்டில் செய்த ஆய்வுகள் வேறு விதமாகக் காட்டுகின்றன. ஒவ்வொரு வளையமும் முகம் நோக்கிய திசையிலேயே நடக்கிறது, அதாவது எதிரே நிற்பதைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒவ்வொன்றும் ஆளுக்கொரு ஒற்றை இழைக்கு மாறி, மற்ற இழையைத் துளைக்கு வெளியே தள்ளிவிட்டால்தான் அது முடியும். இழைகள் சரியாகப் பிரியாவிட்டால் இரண்டு வளையங்களும் முட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். பிரிந்திருந்தால், குறுகிய சந்தில் எதிரெதிரே வந்த இருவர்போல் ஒன்றையொன்று கடந்து தன் தன் பக்கம் போகின்றன.