ஸ்னோமொபைலை மாற்றலாமா? பழையது, கைமாறியது, புத்தம் புதியது மூன்றையும் ஓட்டிப் பார்த்த பிறகு

முன்னால் இரண்டு ஸ்கியும் (சறுக்குப் பலகை), பின்னால் சுற்றும் ரப்பர் பட்டையும் (ட்ராக்) கொண்டு பனி மேல் ஓடும் வண்டிதான் ஸ்னோமொபைல். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இருப்பவர்கள் மேலே படிக்கலாம். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த கார்புரேட்டர் வண்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குளிர்காலமும் மாற்றலாமா வேண்டாமா என்று மண்டையைக் குடைந்துகொள்பவர் என்றால் மாற்றிவிடுங்கள். அதற்காக ஷோரூமுக்கு ஓட வேண்டியதில்லை. சில வருஷம் ஓடிய, ஒழுங்காகப் பராமரித்த 600 சிசி டிரெயில் வண்டி (சமன் செய்த பனிப் பாதையில் ஓட்டுவது) ஒன்று கிடைத்தால் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அதுவே தாராளம். 2018-க்குப் பிறகு வந்த நல்ல வண்டி ஏற்கெனவே கையில் இருந்தால் சும்மா இருங்கள், புதியதன் கலரையும் திரையையும் பார்த்து மயங்க வேண்டாம்.

ஏன் இப்படி வருஷத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், உண்மையில் நான் சொல்வது வருஷத்தை அல்ல, சேஸிஸை. இந்த வண்டிகளில் ஒவ்வொரு வருஷமும் ஸ்டிக்கர் மாறும், சீட் துணி மாறும், ஆனால் அடிப்படை உடல் சில வருஷத்துக்கு ஒரு முறைதான் மாறுகிறது. 2003 மாடலில் ஸ்கி-டூ என்ற பிராண்ட் 'ரெவ்' என்ற சேஸிஸைக் கொண்டுவந்ததுதான் பெரிய திருப்பம். அதற்கு முன்னால் வந்த எதை ஓட்டினாலும் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரிதான், ஒவ்வொரு குழியும் நேராக முதுகுத்தண்டுக்கு வரும். ரெவ் ஓட்டுபவரை முன்னால் தள்ளி, வண்டியின் எடை மையத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது. குழி வந்தால் சட்டென்று எழுந்து நிற்கலாம், முழங்கால் வேலை செய்யும், முதுகு தப்பிக்கும். மற்ற கம்பெனிகளும் வேறு வழியில்லாமல் அந்தப் பக்கம் வந்தன. அதன் பிறகு வந்த புதுச் சேஸிஸ்கள் இவை: போலாரிஸில் 2010 ரஷ், 2015 ஆக்ஸிஸ், 2021 மேட்ரிக்ஸ். ஆர்க்டிக் கேட்டில் 2012 புரோகிராஸ், 2024 கேட்டலிஸ்ட். ஸ்கி-டூவில் 2008 எக்ஸ்பி, 2017-ல் நாலாம் தலைமுறை, 2023-ல் ஐந்தாம் தலைமுறை. விளம்பரம் பார்க்கும்போது இந்த வரிசை மனதில் இருந்தால் பேரம் பேசுவது பாதி முடிந்த மாதிரி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்கி-டூவின் நாலாம் தலைமுறை 2017-ல் வந்தது உண்மைதான், ஆனால் அந்த வருஷம் அது 850 எஞ்சினோடு மட்டும். 600 எஞ்சினுக்கு அந்தச் சேஸிஸ் 2018-ல்தான் கிடைத்தது, 600ஆர் இ-டெக் என்ற பெயரில். ஆக "2017, 600" என்று யாராவது விற்றால் அது முந்தைய சேஸிஸ். மோசமான வண்டி இல்லை, நானே ஓட்டி ரசித்ததுதான், ஆனால் 2018 விலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது எஞ்சின். பழைய டூ ஸ்ட்ரோக்கில் புதிதாக உள்ளே வரும் பெட்ரோல் கலவையில் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியே ஓடிவிடும். அந்த நீலப் புகையும், வீட்டுக்குள் வந்த பிறகும் சட்டையை விட்டுப் போகாத வாடையும் அதனால்தான். கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு தலைவலி, குளிர் கூடக் கூடக் காற்று அடர்த்தியாகும், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றவில்லை என்றால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். மலை ஏறினால் அதற்கு நேர்மாறு. 2009 மாடலில் ஸ்கி-டூவின் 600-க்கு வந்த இ-டெக், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கிறது, எக்ஸாஸ்ட் வழி மூடும் நேரம் பார்த்து. வெப்பநிலையையும் உயரத்தையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். சீசன் முடிந்து நிறுத்தி வைக்கும்போது எஞ்சினுக்குள் எண்ணெய் பூசுவதைக்கூட அதுவே செய்துகொள்கிறது. பழைய வண்டியிலிருந்து இதற்கு மாறினால் முதலில் தெரிவது வேகம் இல்லை, நாற்றம் இல்லாததுதான். அப்புறம் பெட்ரோல் டேங்க் கண்ணெதிரே காலியாகாதது. போலாரிஸின் கிளீன்ஃபயர் கொஞ்சம் வேறு மாதிரி, நேராகச் சிலிண்டருக்குள் இல்லாமல் கலவை வரும் வழியில் தெளிக்கும். இ-டெக் அளவுக்குச் சிக்கனம் இல்லை, ஆனால் வேகம் கூட்டும் த்ராட்டிலைக் கட்டை விரலால் அழுத்தினவுடன் கிளம்பும் அந்தத் துடிப்பு எனக்குப் பிடித்தது.

புத்தம் புதிய 850-ஐயும் ஓட்டினேன். சுமார் 165 குதிரைத்திறன். சொல்ல ஒன்றுமில்லை, அருமையான இயந்திரம், திருப்பத்தில் உள்பக்க ஸ்கி தரையை விட்டு எழவே இல்லை. ஆனால் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதையில் அந்த 165-ல் எத்தனையை நிஜமாகப் பயன்படுத்தினேன் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. கட்டை விரல் எப்போதும் பிரேக் போட்ட மாதிரியே இருந்தது. 600-ன் 125 குதிரைத்திறனை முழுசாகப் பிழிந்து ஓட்டுவதில்தான் எனக்குச் சந்தோஷம். மலையில், ஆழமான தூள் பனியில் ஓட்டுபவர்கள் கதை வேறு: உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து சக்தி குறையும், அங்கே 850-ம் போதாமல்தான் 2020-ல் ஸ்கி-டூ தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய டூ ஸ்ட்ரோக்கை இறக்கியது, போலாரிஸும் பின்னாலேயே வந்தது. அங்கே ஓட்டாத ஒருவர் டர்போ வாங்குவது வெட்டிச் செலவு. பெரிய தொடுதிரை, வரைபடம், போனோடு இணைப்பு எல்லாம் இருந்தது. நல்லாத்தான் இருந்தது, ஆனால் நான் பார்த்தது வேகத்தையும் பெட்ரோலையும்தான்.

சரி, புதியதுதான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால் எப்போது வாங்குவது என்பது முக்கியம். மார்ச், ஏப்ரலில் அடுத்த சீசனுக்கான வண்டிகளை முன்பதிவு செய்யச் சொல்வார்கள் (போலாரிஸ் இதை ஸ்னோசெக் என்கிறது). சில மாடல்கள் அப்போது மட்டும்தான் கிடைக்கும், கூடுதல் வாரண்டியும் பெரும்பாலும் அதோடு வரும். எதிர்ப்பக்கத்தில், விற்காமல் டீலரிடம் தங்கிப்போன முந்தைய வருஷத்துப் புது வண்டி என்று ஒரு ரகம் இருக்கிறது. சேஸிஸ் மாறாத வருஷம் என்றால் அதைவிடப் புத்திசாலித்தனமான கொள்முதல் கிடையாது: ஓடாத வண்டி, வாரண்டி உண்டு, குறைவது புதிய ஸ்டிக்கர் மட்டும். புதுச் சேஸிஸ் வெளிவந்த முதல் வருஷத்தில் மட்டும் நான் கைவைக்க மாட்டேன். அதில் இருக்கும் சில்லறைக் குறைகளை முதலில் வாங்கியவர்கள் கண்டுபிடித்துத் தரட்டும்.

கைமாறிய வண்டிக்கு வருவோம், ஏனென்றால் பணம் மிச்சமாவதும் பறிபோவதும் இங்கேதான். போய்ச் சேரும் முன்பே விற்பவர் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். "வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள், போனவுடன் எஞ்சின் மேல் கையை வையுங்கள். டூ ஸ்ட்ரோக்கின் நிஜ முகம் குளிர்ந்த எஞ்சினில்தான் தெரியும். கம்ப்ரஷன் கேஜ் ஒன்றைக் கையோடு எடுத்துப் போவது நல்லது, த்ராட்டிலை முழுதாகப் பிடித்துக்கொண்டு சோதிக்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் இடையில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒன்று தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் பக்கவாட்டு மூடியைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். ஸ்கூட்டரில் இருப்பது போல இரண்டு கிளட்ச்சுக்கு நடுவில் ஓடும் பெல்ட்தான், ஆனால் படும் பாடு பல மடங்கு. விளிம்பில் நூல் பிரிந்திருக்கிறதா, பக்கங்கள் கண்ணாடி மாதிரி மினுமினுக்கிறதா, உள்ளே கரும்பொடி அப்பிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் மாற்றுவது சின்னச் செலவு, கிளட்ச்சின் உருளைகளும் புஷ்ஷும் ஆடினால் அது பெரிய செலவு. பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி ட்ராக்கைக் கையால் சுற்றினால் சின்னச் சக்கரங்களின் பேரிங் கரகரவென்று காட்டிக்கொடுத்துவிடும். ட்ராக்கின் பற்கள் பிய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். அங்கேயே குனிந்தால் ட்ராக் சறுக்கி ஓடும் பிளாஸ்டிக் பட்டைகள், ஸ்லைடர் என்பார்கள், தெரியும். தேய்மானக் கோடு வரை போயிருந்தால் அந்த ஆள் பனி குறைவான கடினமான ஐஸில் நிறைய ஓட்டியிருக்கிறார். பனிதான் அந்தப் பட்டைக்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும், அது கிடைக்காவிட்டால் பட்டை உருகும். லிக்விட் கூலிங் எஞ்சினும் அப்படித்தான், ட்ராக் வாரி இறைக்கும் பனி, ட்ராக்கின் மேல் கவிழ்ந்திருக்கும் உலோகக் கூடான டனலுக்கு அடியில் இருக்கும் குளிர்விப்பான்களில் பட்டால்தான் சூடு இறங்கும்.

கடைசியாக முன்பக்கம். ஒரு வண்டி பார்க்கப் போனேன், படத்தில் பளபளவென்று இருந்தது. ஸ்கி நுனியைப் பிடித்து ஆட்டினால் ஒரு பக்கம் மட்டும் லொடலொடவென்று ஆடியது. ஹூடைத் திறந்து விளக்கடித்தால், சஸ்பென்ஷன் கை வந்து மாட்டும் இடத்தில் அலுமினியத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, அதன் மேல் கவனமாக வெள்ளிப் பெயிண்ட். மரத்தில் மோதிய வண்டி. விற்றவர் "அது முன்னாலேயே அப்படித்தான்" என்றார். எப்படித்தான் என்று நான் கேட்கவில்லை, கிளம்பிவிட்டேன். ரிவெட் தளர்ந்திருப்பதும், டனல் வளைந்திருப்பதும் இதே ரகம். எஞ்சினைச் சரிசெய்யலாம், கோணிய சேஸிஸோடு மல்லுக்கட்ட முடியாது.

கிலோமீட்டர் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். டூ ஸ்ட்ரோக் 10,000-ஐ நெருங்குகிறது என்றால் பிஸ்டன், ரிங் மாற்றியாயிற்றா என்று கேளுங்கள், ரசீது கேளுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் அதைவிட ரொம்ப தூரம் ஓடும், ஆனால் மூக்கு கனம், ஆழமான பனியில் புதைந்தால் தனி ஆளாகத் தூக்குவது பெரும்பாடு. குடும்பத்தோடு நிதானமாகத் தூரப் பயணம் போகிறவர்களுக்கு அதுதான் சரி. ட்ராக் நீளமும் அப்படித்தான்: சமன் செய்த பாதைக்கு 129 அல்லது 137 அங்குலம், மலைக்கு 154-ம் அதற்கு மேலும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மலை வண்டியை வாங்கி டிரெயிலில் ஓட்டினால் ஒவ்வொரு திருப்பத்திலும் அது நேராகப் போகவே பார்க்கும்.

பிராண்ட் விஷயத்தில் இப்போது கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. யமஹா ஸ்னோமொபைல் தொழிலிலிருந்து விலகுவதாக 2023-ல் அறிவித்தது, வட அமெரிக்காவில் 2025 மாடலோடு சரி. ஆர்க்டிக் கேட் உற்பத்தியை நிறுத்தி வைப்பதாக அப்போதைய உரிமையாளர் டெக்ஸ்ட்ரான் 2024 இறுதியில் சொல்லி, 2025-ல் பிராண்டே கைமாறியது. இதனால் அந்த வண்டிகள் கெட்டுப்போகவில்லை, யமஹா எஞ்சின்கள் உழைப்புக்குப் பெயர் போனவை, பேரத்துக்கும் இது நல்ல ஆயுதம். ஆனால் பக்கத்தில் உதிரி பாகம் வைத்திருக்கும் டீலர் இருக்கிறாரா என்று பார்த்த பிறகு கை கொடுங்கள். எலக்ட்ரிக் பற்றி ஒரே வரி: ஸ்கி-டூவின் எலக்ட்ரிக் வண்டிகள் அறிமுகமானபோது கம்பெனியே சொன்ன தூரம் சுமார் 50 கிலோமீட்டர், எனக்கு அது காலைச் சுற்றுக்கே பற்றாது.

இருப்பதையே வைத்துக்கொள்ளும் வழியையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பழைய வண்டி பழசாகத் தோன்றுவதில் பாதி, செத்துப்போன ஷாக்தான். ஷாக்கைப் பிரித்து எண்ணெயும் கேஸும் புதிதாக நிரப்பி, ஸ்கிக்கு அடியில் தேயும் கார்பைடு கம்பியை மாற்றி, ஸ்லைடர், பெல்ட், கிளட்ச் ஸ்பிரிங் எல்லாம் புதிதாகப் போட்டுவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் முதுகு வலித்தால் மாற்றுவது நியாயம். வலிக்கவில்லை என்றால் இன்னும் இரண்டு சீசன் தாராளமாக ஓட்டலாம், அதற்குள் இப்போது ஷோரூமில் மின்னுகிற வண்டிகள் இரண்டாம் கைக்கு வந்துவிடும்.

நான் கடைசியில் எடுத்தது 600ஆர் இ-டெக், இரண்டாம் கை, 129 அங்குல ட்ராக். ஓட்டியதில் குறை என்று சொன்னால் சீட் கல் மாதிரி இருக்கிறது, காற்றுத் தடுப்புக் கண்ணாடி என் உயரத்துக்குப் பத்தவில்லை; இரண்டுக்கும் வேறு அளவில் கிடைக்கிறது, உயரமான கண்ணாடியை ஏற்கெனவே வாங்கி மாட்டிவிட்டேன். பணம் கொடுக்கும் முன் டனலில் பொறித்திருக்கும் எண்ணையும் பதிவுத்தாளில் இருக்கும் எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன், வண்டி மேல் கடன் பாக்கி இல்லை என்பதற்கும் தாள் வாங்கிக்கொண்டேன். விற்றவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. பரவாயில்லை, அதற்கு ஐந்து நிமிஷம்தான் ஆகும்.