27,500 ரூபா போச்சு: மலிவு விலையில் மினியேச்சர் கிட் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்

27,500 ரூபா. மினியேச்சர் கிட், அதாவது நாமே ஒட்டிச் செய்யும் குட்டி வீரர் மொடல், விற்பதாகச் சொல்லி அந்தக் காசை வாங்கியவர்கள் நேற்றுப் பின்னேரம் என்னுடைய நம்பரை பிளொக் செய்தார்கள். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. தலவாக்கலையில் விடிந்தும் விடியாத இந்த நேரத்தில் மூடுபனிக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன், அதை மறைக்கவில்லை. இன்னொருத்தர் இதே பள்ளத்தில் விழக்கூடாது. இப்படியான கிட் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

முதலில், இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மேசையின் மேல் சின்னச் சின்ன வீரர்களை வைத்து, அளவு நாடாவால் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி விளையாடும் போர் விளையாட்டு இது. விண்வெளிக் கதைகளில் வருவது போன்ற படைகள். 1987இல் வந்த வார்ஹாமர் 40,000 தான் இதில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். மொடல்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்ந்த துண்டுகளாக வரும். வெட்டி, ஒட்டி, பெயின்ற் அடித்து நாமே படையை உருவாக்க வேண்டும். எனக்கு விளையாட்டை விட அந்த வேலைதான் பெரிய சந்தோஷம்.

ஆனால் விலை? வார்ஹாமர் செய்யும் நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில் 10 வீரர்கள் வருவார்கள், 60 டொலர் அளவில். டொலர் 300 ரூபா என்று போட்டாலும் 18,000. அதற்கு மேல் தபால் செலவு, வரி. எங்கள் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவருக்கு ஒரு நாள் பேர் விழுந்தால், அதாவது முழு நாள் சம்பளம் கிடைத்தால், 2024இல் வைத்த 1,350 ரூபா என்று கணக்குப் பார்த்தால், ஒரு பெட்டிக்கு 13 நாளுக்கு மேல் மலை ஏற வேண்டும். யாரால் முடியும்?

அதனால்தான் வேறு நிறுவனங்கள் செய்யும் மலிவான கிட்களைத் தேடினோம். அதில் எந்தத் தப்பும் இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். நல்ல நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரே பெட்டியில் 20, 24 வீரர்கள், கெட்டியான பிளாஸ்டிக், கை, தலை, துப்பாக்கி எல்லாம் தனித்தனியாக வரும். வன் பேஜ் ரூல்ஸ் போன்ற விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. யாருடைய மொடலையும் வைத்து விளையாடலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். பெரிய நிறுவனம் தன் சொந்தப் போட்டிகளுக்குத் தன் மொடல்களைத்தான் கேட்கும். எங்கள் வாசிகசாலை மேசைக்கு அந்தக் கட்டுப்பாடு எதற்கு?

நாங்கள் நாலு பேர். நான், பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அண்ணன், ஓஎல் பரீட்சை எழுதி முடித்த இரண்டு தம்பிமார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலையின் பழைய மேசையில் விளையாடுவோம். கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்த, மலையில் கிடக்கும் மிலாறுக் குச்சிகளைப் பொறுக்கிக் காயவைத்து நட்டால் வேற்றுக் கிரகத்து மரம் மாதிரியே இருக்கும். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் கட்டடங்கள். படைதான் இல்லை. காகிதத்தில் வரைந்து வெட்டிய வீரர்களை வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் விளையாடினோம்.

அப்போதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. ஒரு சமூக வலைத்தளத்தில் பொழுதுபோக்குச் சாமான் விற்கும் பக்கம், கொழும்பில் இருந்து நடத்துவதாகப் போட்டிருந்தது. பெயரை எழுதவில்லை. 24 வீரர்கள் உள்ள பெட்டி 5,500. இரண்டு கால் போர் இயந்திர மொடல் ஒன்று 2,750. படங்கள் அவ்வளவு தெளிவு. நான்கு பெட்டியும் இரண்டு இயந்திரமும் கேட்டேன். மொத்தம் 27,500.

நான் உடனே நம்பவில்லை. முதல் மூன்று நாளும் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். பிளாஸ்டிக் எது, எத்தனை மில்லிமீற்றர், கைகள் தனியாக வருமா என்று. அந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒரு வீரனை அடிமட்டத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வீடியோ எடுத்து அனுப்பினார். 30 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தது, எங்களுக்கு வேண்டிய அளவு. வெட்டுக்காயத் தழும்போடு ஒரு பெருவிரல் அந்தச் சட்டத்தை லேசாக வளைத்துக் காட்டியது. நல்ல கெட்டிப் பிளாஸ்டிக்தான்.

அதற்குப் பிறகும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது ஒரு குரல் பதிவு வந்தது.

"தம்பி, எந்தத் தோட்டம்? நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். அப்பா டிக்கோயாப் பக்கம். நம்ம பிள்ளைகள் இப்படி ஒன்று செய்கிறார்கள் என்று கேட்கவே சந்தோஷமா இருக்கு. காசைப் பத்தி யோசிக்காதீங்க, நான் பாத்துக்கிறேன்."

அங்கேதான் விழுந்தேன். அந்தப் பேச்சு நம் பேச்சு, அது நடிப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாசிகசாலையில் நாலு பேருமாக அந்தப் பதிவை இரண்டு தரம் போட்டுக் கேட்டோம். "நம்ம ஆளுதான்டா, போடு" என்றார் அண்ணன். தன் வீட்டுத் தீபாவளி முற்பணத்தில் இருந்து 10,000 எடுத்துத் தந்தார். தம்பிமார் ஆளுக்கு 4,000 தந்தார்கள். ஒருவன் லீவுக்குக் கடையில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசு அது. மிச்சம் 9,500 என்னுடையது.

பார்சல் வந்ததும் காசு கொடுக்கலாமா என்று கேட்டேன். மற்றச் சாமான்களுக்கு அந்தப் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். "இது முன்பதிவு தம்பி, நாங்க வெளிநாட்டுக்கு முதலே கட்டணும்" என்றார். சரி என்று வங்கிக்குப் போய்ப் போட்டேன். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அதையும் பார்த்தேன், பார்த்தும் போட்டேன். ஸ்லிப்பைப் படம் பிடித்து அனுப்பினேன். இரண்டு கிழமையில் வரும் என்றார்.

வரவில்லை. மூன்றாவது கிழமை "சுங்கத்தில நிக்குது தம்பி". நான்காவது கிழமை "கொரியர்காரனுக்குக் குடுத்தாச்சு". பிறகு ஒரு நாள் "மண்சரிவால ஹட்டன் ரோடு மூடியிருக்கு, உங்களுக்குத் தெரியும்தானே". அந்தச் செய்தி வந்தபோது நான் ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். கொழும்பில் இருந்து வந்த பஸ் என் கண் முன்னால் ஆட்களை இறக்குகிறது. மண்சரிவு என்றால் எங்களுக்கு என்ன என்று இந்த ஊரில் பிறந்த ஒருவருக்குத் தெரியாதா? மழை விடாமல் பெய்தால் இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற சனம் நாங்கள். அதை எடுத்துப் பொய்க்குச் சாட்டாக வைத்தார்களே, அதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. காசு போனதை விட அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

ஏழாவது கிழமை பார்சல் வந்தது. நாலு பேரும் கூடித்தான் திறந்தோம்.

பெட்டி இல்லை, சட்டமும் இல்லை. பொலித்தீன் பையில் ரப்பர் மாதிரி மெத்தென்ற பொம்மைகள். கை, துப்பாக்கி எல்லாம் உடம்போடு ஒட்டி ஒரே துண்டாக வார்த்தவை. கணக்குக்கு 96 இருந்தது. அடிமட்டம் வைத்துப் பார்த்தால் தலைக்கவசத்தோடு சேர்த்து 24 மில்லிமீற்றர். அதாவது 1/72 அளவு (நிஜ ஆளின் 72இல் ஒரு பங்கு), கடையில் பை பையாக விற்கும் பொம்மைப் பட்டாளத்தின் அளவு. எங்கள் மேசைக்கு 1/56க்குக் கிட்ட இருக்க வேண்டும். அந்த அளவில் ஆறு அடி மனிதன் 32 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல் வருவான். இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. வார்ஹாமரில் எதிரி மொடல் கண்ணுக்குத் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துத்தான் பொதுவாகச் சுட முடியும். குட்டி ஆள் சுவருக்குப் பின்னால் முழுசாக மறைந்துவிடுவான். எதிரில் விளையாடுகிறவர் ஒத்துக்கொள்வாரா?

சரி, கையை மாற்றி வைத்தாவது பார்ப்போம் என்று வெட்டினோம். கத்தி பட்ட இடம் பஞ்சு மாதிரி பிசிறு விடுகிறது. பிளாஸ்டிக் க்ளூ பிடிக்கவே இல்லை. அது பொலிஸ்டைரீன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிற க்ளூ, இந்த ரப்பரில் என்ன செய்யும்? சுப்பர் க்ளூ போட்டால் பிடித்தது, லேசாக வளைத்ததும் கழன்றது. எங்கள் ஈரக் காற்றில் ஒட்டின இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்தும் போனது. பெயின்ற் காய்ந்த பிறகு வாளை வளைத்தால் செதில் செதிலாகக் கொட்டுகிறது.

இரண்டு இயந்திரங்கள் அதைவிட மோசம். அவை ரெசினில், அதாவது வெளிச்சம் பட்டு இறுகும் திரவத்தில், த்ரீடி பிரிண்ட் செய்தவை. கையில் பிசுபிசுவென்று ஒட்டியது, மூக்கைத் துளைக்கிற வாடை. ஒழுங்காகக் கழுவாமல், யூவி வெளிச்சத்தில் இறுக்காமல் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாம் நாள் ஒன்றின் முழங்காலில் வெடிப்பு விட்டு உள்ளே இருந்து இறுகாத ரெசின் கசிந்தது. உள்ளே வெறுமையாகச் செய்தால் வடிய ஓட்டை வைக்க வேண்டும், வைக்கவில்லை. இறுகாத ரெசின் தோலுக்கு ஆகாது. அது தெரியாமல் சின்னத் தம்பி வெறுங்கையால் துடைத்தான். விரல் எல்லாம் சிவந்து அரிப்பு. தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போய் மருந்து எடுத்தோம். மூன்று நாள் அவன் பேனை பிடிக்கவில்லை. அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் தொடங்கியது தட்டிக் கழிப்பு. படங்கள் அனுப்பினேன். "அளவு கொஞ்சம் கூடக் குறைய வரும்". நீங்கள் அனுப்பிய வீடியோவில் இருப்பது இது இல்லையே என்றேன். "அது சாம்பிள்". திருப்பி எடுங்கள் என்றேன். "பார்சல் திறக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா?" இல்லை. "அப்ப ஒன்றும் செய்ய ஏலாது". அந்தப் பக்கத்தில் போட்டிருந்த நம்பருக்கு எடுத்தால் ஒரு பெண் பிள்ளை, தான் டெலிவரி மட்டும்தான் பார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். அடுத்த நாள் தம்பி என்ற பேச்சே இல்லை, "சேர், நான் புது அட்மின், பழைய ஆள் விலகிவிட்டார்" என்று செய்தி. அடுத்த ஓடருக்கு 10 வீதம் கழிவு தருவார்களாம். 27,500 ரூபாவை வாங்கிக்கொண்டு இன்னொரு ஓடர் கேட்கிறார்கள்! பிள்ளைக்குக் கை புண்ணானது என்று படத்தோடு எழுதினேன். நீல நிற டிக் விழுந்தது, பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். பத்து நிமிஷத்தில் பிளொக்.

அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "விடு, படிச்ச பாடம்" என்றார். அவர் வீட்டில் இந்த வருஷம் பிள்ளைகளுக்குப் புது உடுப்பு ஒன்று குறைந்திருக்கிறது, எனக்குத் தெரியும். அந்த 10,000ஐயும் தம்பிமாரின் 8,000ஐயும் நான் மாதா மாதம் கொஞ்சமாகத் திருப்பித் தருவேன், வேண்டாம் என்றாலும் தருவேன்.

விவரமாக எழுதுவேன் என்று சொன்னேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முற்பணம் போடாதீர்கள், அதுவும் தனி ஆளின் கணக்குக்குப் போடவே போடாதீர்கள். என்ன பிளாஸ்டிக், எந்த அளவு என்று எழுத்தில் வாங்குங்கள், குரல் பதிவு போதாது. உங்கள் பெயரையும் அன்றைய திகதியையும் ஒரு தாளில் எழுதி, அதை மொடலுக்குப் பக்கத்தில் வைத்து வீடியோ கேளுங்கள். நான் அதைக் கேட்கவில்லை. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ரெசின் பிசுபிசுத்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். காசு போட்ட ஸ்லிப்பை எறியாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் நம்பர் 1977, முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். என்னுடையதை இன்றைக்கே எழுதி அனுப்புகிறேன், பொலிசுக்கும் போகிறேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன் அண்ணனின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். "கடைசி 5 பெட்டிகள், முன்பதிவு மட்டும்" என்று புது விளம்பரம் ஓடுகிறது. அதே வீடியோ, அதே அடிமட்டம், அதே தழும்புப் பெருவிரல். கீழே நுவரெலியாவில் இருந்து ஒரு பிள்ளை விலை கேட்டிருக்கிறது. "இன்பொக்ஸ் வாங்க தம்பி" என்று பதில் போட்டிருக்கிறார்கள்.