முழுசாக விற்பதா, அனுமதி மட்டுமா?

காரைக்குடியில் அப்பத்தாவிடம் கேட்டுக் கேட்டு என் நடையில் எழுதிய சமையல் புத்தகத்துக்கு ஒரு பதிப்பகம் மொத்தத் தொகை பேசியது. வாங்கிக்கொண்டு பதிப்புரிமையை எழுதிக் கொடுத்தால், அப்புறம் மறுபதிப்பும் மின்னூலும் அவர்கள் பாடு. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஆனால் அவர்கள் தாளில் ‘காலம் முழுவதும், உலகம் முழுவதும்’ என்று பொடி எழுத்தில் இருந்தது!

உரிமையை விற்காமல் அச்சிட அனுமதி மட்டும் தந்தால் கைக்கு வருவது குறைவு. இதையும் எழுத்தில்தான் தர வேண்டும். உரிமை என் ஆயுளுக்கும் அப்புறம் 60 ஆண்டுக்கும் நம் வீட்டிலேயே இருக்கும். எனக்கு இதுதான் சரி.

கந்தரப்பம் என்ற இனிப்பின் பக்குவம் எல்லோருக்கும் பொது. ‘ஓரம் சிவந்து, நடு மெத்தென்று எழும்பணும்’ என்று நான் எழுதிய விதம்தான் என்னுடையது.