நாலு மணி ஸ்வீட்டா, டப்பா சுண்டலா: ஆபீஸ்ல வெயிட் குறைக்க எந்த வழி தாங்கும்?

வெயிட் குறைக்கறவங்களுக்கு வீட்ட விட ஆபீஸ்தான் கஷ்டமான இடம், இத நான் அடிச்சு சொல்வேன். வீட்ல என்ன வாங்கணும் வாங்கக்கூடாதுன்னு நம்ம கையில இருக்கு, ஆபீஸ்ல மத்தவங்களோட சந்தோஷம் எல்லாம் ஸ்வீட் பாக்ஸா நம்ம டேபிளுக்கு வருது, குழந்தை பொறந்துச்சு, வண்டி எடுத்தாச்சு, பொண்ணுக்கு சீட் கெடச்சுது, ப்ரமோஷன் வந்துச்சு, ஊருக்கு போயிட்டு வந்தாச்சுன்னு வாரத்துக்கு ரெண்டு காரணமாவது இருக்கும். அது போக மீட்டிங்ல தட்டுல பிஸ்கட், மாசக்கடைசில பர்த்டே கேக். கிண்டி, ஓஎம்ஆர், அம்பத்தூர்னு எந்த ஆபீஸ எடுத்தாலும் கதை இதான்.

இதுக்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்றாங்க. முழுசா நிறுத்திடு, ஒண்ணே ஒண்ணு சாப்டு, ஹெல்த்தியான ஸ்வீட்டுக்கு மாறிடு, வீட்ல இருந்து டப்பா கொண்டு போ, கண்ணுல படாம வை. எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கலாம்னுதான் இத எழுதறேன். எதுல சீக்கிரம் எடை எறங்கும்னு நான் பாக்கல, வேலை நெருக்கடில, மேனேஜர் கத்திட்டு போன ஒரு சாயங்காலத்துல கூட எது தாங்கும்னுதான் பாக்கறேன், ஏன்னா பிளான் எல்லாம் உடையறது அந்த நேரத்துலதான்.

அதுக்கு முன்னாடி டீய பத்தி பேசிடணும், நிறைய பேரு இத கணக்குலயே எடுக்கறதில்ல. ஒரு டீஸ்பூன் சக்கரை 4ல இருந்து 5 கிராம். கடை டீல ரெண்டு ஸ்பூன் போடறாங்கன்னு வச்சுக்குவோம், ஒரு நாளைக்கு மூணு டீ குடிச்சா 24ல இருந்து 30 கிராம் ஆயிடுது. உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன அளவு என்னன்னா, சேத்துக்கற சக்கரை மொத்த கலோரில 10 சதவீதத்துக்கு கீழ இருக்கணும், 5 சதவீதத்துக்கு கீழ வந்தா இன்னும் நல்லது, அந்த 5 சதவீதங்கறது பெரியவங்களுக்கு கிட்டத்தட்ட 25 கிராம். அதாவது ஸ்வீட் பாக்ஸ் தொறக்கறதுக்கு முன்னாடியே டீலயே அந்த அளவு முடிஞ்சு போச்சு. கடைல குடிக்கறவங்களுக்கு சுலபம், "மாஸ்டர், ஒரு வித்தவுட்"னா போதும், உடனே வேணாம்னா மொதல்ல "சக்கரை கம்மி"ல ஆரம்பிச்சு அப்புறம் வித்தவுட்டுக்கு வரலாம், கொஞ்ச வாரத்துல நாக்கு பழகிடும். ஆபீஸ் மெஷின்தான் பிரச்சன, அதுல நிறைய எடத்துல ப்ரீமிக்ஸ்லயே சக்கரை கலந்து வருது, பட்டன அமுக்கினா நமக்கு சாய்ஸே இல்ல. சக்கரை இல்லாத ப்ரீமிக்ஸும் கடைல கிடைக்குது, அட்மின் கிட்ட ஒரு மெயில் போட்டு கேளுங்க, இல்லன்னா வெந்நீர் புடிச்சு டீ பேக் போட்டுக்கங்க. நாட்டுச்சக்கரைக்கு மாறிட்டேன்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம், வெள்ள சக்கரை 100 கிராம்ல 400 கலோரி பக்கம் இருந்தா வெல்லம், நாட்டுச்சக்கரைல 380 பக்கம் இருக்கு, எடை குறைய அது ஒரு வித்தியாசமே இல்ல.

சரி, முழுசா நோ சொல்ற வழி. இதோட பெரிய பலம் ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியதில்லங்கறது, முடிவு ஏற்கனவே எடுத்தாச்சு. பிஸ்கட்டுக்கு இத விட நல்ல வழி கிடையாது, மீட்டிங் பிஸ்கட்ல யாரோட மனசும் சம்பந்தப்படல, தட்டு நம்மள தாண்டி போனா யாரும் கேக்கப்போறதும் இல்ல. மாரி பிஸ்கட் ஒண்ணு 25 கலோரிதான்னு சொல்வாங்க, ஆனா பேசிட்டே சாப்டறப்ப யாரும் ஒண்ணோட நிறுத்தறதில்ல, நாலு உள்ள போனா 100 கலோரி, பசி அப்படியேதான் இருக்கும்.

ஆனா மனுஷங்க கொண்டு வர ஸ்வீட்ல இந்த முழு நோ உடையுது. பக்கத்து செக்‌ஷன் அக்கா பாக்ஸ தொறந்துகிட்டு நம்ம சீட் பக்கத்துலயே நிக்கறாங்க, நெய் மைசூர்பாக், அடில இருக்கற பட்டர் பேப்பர் முழுக்க நெய் ஊறி கண்ணாடி மாதிரி ஆயிருக்கு, "எடுத்துக்கப்பா, பேரன் பொறந்திருக்கான்"னு சொல்றாங்க. அங்க வேணாம்னு சொன்னா ஸ்வீட்ட வேணாம்னு சொன்னதா அவங்க மனசு எடுத்துக்காது, நல்ல செய்தியையே வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும். நம்ம ஊர்ல கொடுக்கற கைய மறுக்கறது லேசுல வராது, வரவும் வேணாம்னுதான் நான் நினைக்கறேன். "டயட்ல இருக்கேன்க்கா"ன்னு ஆரம்பிச்சா அது ஒரு பஞ்சாயத்தாவே ஆயிடும், ஒரு நாள்ல என்ன ஆயிடப்போவுது, நீ எங்க குண்டா இருக்க, எங்க வீட்டுக்காரர் கூட அப்படித்தான் சொன்னாருன்னு நாலு பேரு கூடிடுவாங்க, கடைசில வாய்ல போட்டாதான் விடுவாங்க. அதுக்கு பதிலா வாழ்த்து சொல்லி ஒண்ண எடுத்து டிஷ்யூல மடிச்சு, "அம்மாவுக்கு ரொம்ப புடிக்கும்க்கா, வீட்டுக்கு எடுத்துட்டு போறேன்"னு சொல்லிட்டா அவங்களுக்கும் சந்தோஷம். ஆனா அது நேரா பைக்குள்ள அடில போயிடணும், மானிட்டர் பக்கத்துல வச்சீங்கன்னா வாசனையே வேலை செய்ய விடாது, அஞ்சு மணிக்குள்ள ஓரம் ஓரமா காலியாயிடும்.

மறுக்கறத எப்படி சொல்றோம்ங்கறதுக்கு கூட ஒரு ஆராய்ச்சி இருக்கு, 2012ல அமெரிக்காவுல வந்தது. சிலரை "நான் இத சாப்பிடக்கூடாது"ன்னு மனசுக்குள்ள சொல்லிக்க வச்சாங்க, சிலரை "நான் இத சாப்பிடறதில்ல"ன்னு சொல்லிக்க வச்சாங்க, அப்புறம் போறப்ப சாக்லேட்டா, தானியத்துல செஞ்ச ஸ்நாக்ஸ் பாரான்னு எடுத்துக்க சொன்னா, ரெண்டாவது குரூப்ல 64 சதவீதம் பேரு தானிய பார எடுத்தாங்க, மொத குரூப்ல 39 சதவீதம்தான். ஒரே ஒரு ஆராய்ச்சிய மட்டும் வச்சு பெருசா சொல்ல மாட்டேன், ஆனா அனுபவத்துக்கு ஒத்துப்போகுது. "சாயங்காலத்துல ஸ்வீட் சாப்பிடறதில்லக்கா"ன்னு சாதாரணமா சொன்னா பேச்சு அங்கயே முடிஞ்சிடும்.

அடுத்தது ஒண்ணே ஒண்ணு சாப்டுக்கற வழி. கேக்க நியாயமா இருக்கு, சிலருக்கு நிஜமாவே ஒத்து வருது, ஒரு துண்டுல மனசு அடங்கிடும் அவங்களுக்கு. மத்தவங்களுக்கு அந்த ஒண்ணு தான் ஆரம்பம். கணக்கா பாத்தா நெய் மைசூர்பாக் 40 கிராம் துண்டு ஒண்ணு 200 கலோரிக்கு மேல போகும், 70 கிலோ இருக்கறவர் அரை மணி நேரம் வேகமா நடந்தா செலவாகறதே 120, 150 தான், அதனால சாப்டுட்டு நடந்துக்கலாம்ங்கற கணக்கு ஒத்து வராது. இந்த வழிய தினசரிக்கு வச்சுக்காம, வாரத்துல ஒரு நாளுக்கு, அதுவும் உங்களுக்கு உயிரா புடிச்ச ஸ்வீட்டுக்கு மட்டும் வச்சுக்கங்கன்னு சொல்வேன். திருநெல்வேலில இருந்து ஒருத்தர் அன்னிக்கு வாங்கின அல்வாவ கொண்டு வந்தா உக்காந்து ரசிச்சு சாப்டுங்க, பிரிண்டர் மேல மூணு நாளா கிடக்கற சோன்பப்டிக்கு அந்த ஒண்ண செலவு பண்ணாதீங்க.

ஹெல்த்தி ஸ்வீட்டுக்கு மாறிடறவங்கள பாத்தாதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, காசும் அதிகம் போகுது எடையும் குறைய மாட்டேங்குது. டைஜெஸ்டிவ் பிஸ்கட் பாக்கெட்ட திருப்பி பாருங்க, 100 கிராமுக்கு 480 கலோரி பக்கம் போட்டிருப்பான், சாதா மாரில 440 பக்கம்தான் இருக்கும். கடலைமிட்டாய் எனக்கு ரொம்ப புடிக்கும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடே கெடச்சுது, கேக்கோட வச்சு பாத்தா அது நூறு மடங்கு நல்ல பண்டம்தான், ஆனா 30 கிராம் துண்டுல 150 கலோரி இருக்கு, வெல்லப்பாகும் சக்கரைதான். பேரிச்சம்பழம் ரெண்டு சாப்டா தப்பே இல்ல, டப்பாவோட டேபிள்ல வச்சா ரெண்டுல நிக்காது. தீபாவளிக்கு சுகர் ஃப்ரீன்னு விக்கற காஜு கத்லில சக்கரைதான் இருக்காது, முந்திரியும் நெய்யும் அப்படியே இருக்கு. செயற்கை இனிப்புகள எடை குறைக்கறதுக்காக பயன்படுத்த வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாசம் சொல்லிடுச்சு, நீண்ட நாள்ல அதனால கொழுப்பு குறையற மாதிரி தெரியலன்னுதான் காரணம் சொன்னாங்க. ஏற்கனவே சக்கரை நோய் இருக்கறவங்களுக்கு அந்த அறிவுரை இல்ல, அவங்க டாக்டர் சொல்றத கேட்டுக்கணும்.

இப்ப டப்பா. என்னோட ஓட்டு இதுக்குதான், அதுக்கு காரணம் கலோரி கம்மின்னு நினைச்சா தப்பு. வேகவச்ச கொண்டைக்கடலை 100 கிராம்ல 165 கலோரி, தாளிச்ச எண்ணெயும் சேந்தா 200 கிட்ட வந்துடும், மைசூர்பாக் துண்டும் அதே 200 தான். ஆனா சுண்டல்ல 8, 9 கிராம் புரதமும் நல்ல நார்ச்சத்தும் இருக்கு, மெல்லவே நேரம் ஆகுது, ராத்திரி சாப்பாடு வரைக்கும் வயிறு கேக்காது, மைசூர்பாக் சாப்டவங்க ஆறு மணிக்கு கீழ பஜ்ஜிக்கடைல நிப்பாங்க. வறுத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம்னா 110 கலோரிதான், டிராயர்ல மாசக்கணக்கா கெடந்தாலும் கெடாது. கொய்யாப்பழம் ஒண்ணு 100 கலோரிய தாண்டாது, நறுக்கி மொளகாப்பொடி உப்பு தொட்டு சாப்டா இனிப்பும் காரமும் சேந்து அந்த நேரத்து நம நமப்பு அடங்கிடும். வேர்க்கடலைல மட்டும் கவனமா இருக்கணும், 30 கிராமே 170 கலோரி, அளந்து டப்பால போட்டு எடுத்துட்டு வாங்க, பாக்கெட்டோட வேணாம்.

சுண்டல்ல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, தேங்கா போடாதீங்க. காலைல ஏழு மணிக்கு தேங்கா போட்டு தாளிச்சு சூட்டோட மூடி பைல வச்சா சென்னை வெயிலுக்கு நாலு மணிக்கு தொறக்கறப்ப நூல் விடும், வாடை வந்துடும். ராத்திரி ஊறப்போட்டு காலைல உப்பு போட்டு குக்கர்ல அஞ்சாறு விசில் விட்டு, தண்ணிய நல்லா வடிச்சு, கடுகு கறிவேப்பிலை வரமொளகா பெருங்காயம் மட்டும் தாளிச்சு, ஆறினப்புறம் மூடுங்க. புளிப்பு வேணும்னா எலுமிச்சம்பழத்த சாப்டறப்ப புழிஞ்சுக்கலாம். காலைல இதெல்லாம் செய்ய நேரமில்லாத வீடுதான் நிறைய, அவங்களுக்கு வறுத்த கடலையும் பழமும் போதும், அதுக்காக வீட்ல இருக்கற அம்மா மேலயோ மனைவி மேலயோ இன்னொரு வேலைய ஏத்திடாதீங்க. நேரம் ரொம்ப முக்கியம், மூணரைக்கே சாப்டுடணும், பசி வந்து பாக்ஸும் தொறந்தப்புறம் டப்பாவ தேடினா எந்த சுண்டலும் ஜெயிக்காது. மதிய சாப்பாட்ல சோறு மலையா இருந்து பருப்பு, முட்டை, மீன், தயிர்னு எதுவும் பெருசா இல்லன்னாலும் நாலு மணிக்கு இனிப்பு தேடும், அதையும் சேத்து சரி பண்ணணும்.

கண்ணுல படாம வைக்கற வழிய நிறைய பேரு சாதாரணமா நினைச்சுடறாங்க, ஆனா டப்பாவோட சேந்தா இதுதான் பலம். 1998ல ராய் பாமைஸ்டர்ங்கற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் பண்ண சோதனை ரொம்ப பிரபலம், சுடச்சுட சாக்லேட் பிஸ்கட்ட எதிர்ல வச்சு சிலரை முள்ளங்கி மட்டும் சாப்ட சொன்னாங்க, அவங்க அதுக்கப்புறம் குடுத்த புதிர சீக்கிரமே கைவிட்டுட்டாங்க, அதனால மன உறுதி செலவாகி தீந்துடும்னு சொன்னாங்க. அதே கருத்த வேற முறைல 2016ல 23 ஆய்வகங்கள் சேந்து 2000 பேருக்கு மேல வச்சு சோதிச்சப்ப அந்த விளைவு கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஆனா ஜெர்மனில வூர்ஸ்பர்க்ல 200 பேருக்கு மேல, அன்றாடம் வர ஆசைகள கேட்டு பதிவு பண்ணி 2012ல வந்த ஆராய்ச்சில வேற ஒண்ணு தெரிஞ்சுது, கட்டுப்பாடு அதிகம் இருக்கறவங்களுக்கு ஆசையோட மல்லுக்கட்டற நிலைமையே கம்மியா வந்திருக்கு. எனக்கு இது பெரிய ஆறுதலா இருந்துச்சு, நம்ம மனசு பலவீனம்னு நொந்துக்கறத விட பாக்ஸ் இருக்கற எடத்த மாத்தறது லேசு. நெதர்லாந்துல சாக்லேட் கிண்ணத்த 20 சென்டிமீட்டர்ல வச்சப்பவும் 70 சென்டிமீட்டர்ல வச்சப்பவும் என்ன ஆகுதுன்னு பாத்தாங்க, தள்ளி வச்சப்ப கம்மியா சாப்டாங்க, எந்திரிக்க கூட வேணாம், கைய நீட்டினா எட்டற தூரம்தான் அது. அதனால டீம்ல பேசி பொதுவா வர ஸ்வீட்ட பிரிண்டர் மேல வைக்காம பேன்ட்ரில மூடி போட்டு வைங்க, வேணுங்கறவங்க போய் எடுத்துக்கட்டும், யாருக்கும் எதுவும் மறுக்கல.

2025 ஜூன்ல மத்திய சுகாதார அமைச்சகம், அரசு அலுவலகங்கள்ல எண்ணெய், சக்கரை அளவ காட்டற போர்டுகள் வைக்க சொல்லி கடிதம் அனுப்புச்சு, அடுத்த மாசமே சமோசா ஜிலேபில எல்லாம் எச்சரிக்கை லேபிள் வரப்போவுதுன்னு செய்தி பரவி அது தப்புன்னு அரசே விளக்கம் குடுத்துச்சு. போர்டு வரட்டும், நல்லதுதான். ஆனா போர்டுக்கு கீழயே சக்கரை கலந்த டீ மெஷின் மட்டும் இருந்தா அத படிச்சு ஒருத்தர் என்ன பண்ண முடியும்? கேன்டீன்ல சுண்டலும் நறுக்கின பழமும் பஜ்ஜி விலைக்கே கிடைச்சா அது பத்து போர்டுக்கு சமம்.

நான் சேத்து வச்சு சொல்றது இதுதான்: டீ வித்தவுட், பிஸ்கட்டுக்கு முழு நோ, மூணரைக்கு டப்பா, யாராவது கையில குடுக்கற ஸ்வீட் வீட்டுக்கு, புடிச்சது ஒண்ணு வாரத்துல ஒரு நாள். தீபாவளி வாரத்துல இதெல்லாம் கொஞ்சம் தளரும், தளரட்டும், அந்த வாரம் எடை ஏறாம இருந்தாலே போதும், ஆனா ஆபீஸ்ல குடுக்கற பெரிய பாக்ஸ அன்னிக்கே வீட்டுக்கு எடுத்துட்டு போய் பிரிச்சு கொடுத்துடுங்க.

இந்தியால 10.1 கோடி பேருக்கு சக்கரை நோய், 13.6 கோடி பேரு அதுக்கு முந்தின நிலைல இருக்காங்கன்னு சென்னைல இருக்கற மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்ன நின்னு பண்ண ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வு 2023ல சொல்லுச்சு, அதனால இத படிக்கறவங்கள்ல மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க கண்டிப்பா இருப்பீங்க. நீங்க ஸ்நாக்ஸ திடீர்னு நிறுத்தறதுக்கு முன்னாடி டாக்டர் கிட்ட மாத்திரை அளவ பேசிடுங்க, சில மாத்திரைல சாப்பாடு கொறைஞ்சா சக்கரை ரொம்ப கீழ போயிடும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தா அந்த நேரத்துல சுண்டல் உதவாது, மூணு டீஸ்பூன் சக்கரைய தண்ணில கரைச்சு குடிக்கணும் இல்லன்னா குளுக்கோஸ் எடுத்துக்கணும், கால் மணி நேரத்துல சக்கரை அளவ மறுபடி பாக்கணும். அதனால உங்க டிராயர்ல வறுத்த கடலை பக்கத்துல ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் இருக்கட்டும், அது எங்க இருக்குன்னு பக்கத்து சீட்காரருக்கும் சொல்லி வைங்க.