அங்காராவிலிருந்து கப்படோக்கியாவுக்கு: மூன்று வருட பஸ் அனுபவம்

வேலை நிமித்தமாகத் துருக்கியில், அங்காராவில் மூன்று வருடம் இருந்தேன். அதில், விசித்திரப் பாறைகளுக்குப் பேர்போன கப்படோக்கியா பகுதிக்குப் போகும் அங்காரா–அக்சராய்–நெவ்ஷெஹிர் வழியில் மட்டும் இருபது தடவைக்கு மேல் பஸ்ஸில் போய் வந்திருப்பேன். நாலைந்து மணி நேரப் பயணம்.

முதலில் இஸ்தான்புல்லிலிருந்து இரவு பஸ்ஸில்தான் கப்படோக்கியா போனேன். விடிந்தபோது ஊர் வந்துவிட்டது, வழியில் ஒன்றுமே பார்க்கவில்லை. அதன்பின் பகல் பஸ் மட்டும்தான். ஜன்னலுக்கு வெளியே இருப்பதுதான் இந்தப் பயணத்தில் பாதி.

அங்காராவின் பஸ் நிலையம் ஆஷ்தி. மெட்ரோவிலேயே போய் இறங்கலாம். டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் எண் கேட்பார்கள், ஆணா பெண்ணா என்றும் கேட்பார்கள். தனியாக வரும் பெண்ணுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஆணை உட்கார வைப்பதில்லை. தனியாகப் போகும் எனக்கு இது பெரிய நிம்மதி.

பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் உதவியாளர் வருவார். முவாவின் என்பார்கள். கையை நீட்டினால் கொலோனியா என்ற எலுமிச்சை வாசனை நீரை ஊற்றுவார், கையிலும் முகத்திலும் தடவிக்கொள்ள வேண்டும். அப்புறம் டீ, கேக். டிக்கெட் விலையிலேயே எல்லாம் அடக்கம்.

ஒரு குளிர்காலத்தில் பக்கத்து சீட்டில் தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு பாட்டி. சின்னக் கத்தியை எடுத்து ஆப்பிள் தோலை அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவினார். பாதியை நறுக்கி என் மடியில் வைத்து, "யே கிஸம்" என்றார். சாப்பிடு மகளே என்று அர்த்தம். அப்போது எனக்குத் தெரிந்த துருக்கி வார்த்தைகள் பத்துகூட இருக்காது. அம்மாவின் அக்கா தங்கையைத் 'தெய்ஸே' என்பார்கள், வயதான பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் பெரியம்மா, சின்னம்மா மாதிரி. இறங்கும்வரை அவர் எனக்குத் தெய்ஸேதான்.

குறையும் உண்டு. ஒரு பஸ் கம்பெனி கப்படோக்கியாவில் உள்ள கோரெமே ஊர் வரை என்று டிக்கெட் கொடுத்துவிட்டு, நெவ்ஷெஹிர் நிலையத்திலேயே இறக்கிவிட்டது. மீதி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இணைப்பு வேன் வரும் என்றார்கள், வரவில்லை. அதற்குள் இருட்டிவிட்டது, பனி வேறு. டீக்கடைக்காரர் அடுப்புப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். அதனால் டிக்கெட் வாங்கும்போதே, பஸ் நேராகப் போகுமா, வேன் மாற வேண்டுமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் கழிப்பறை இருக்காது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவார்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது வண்டி எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி பத்து பஸ் நிற்கும். அங்கே கிடைக்கும் சூடான பருப்பு சூப்பில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் குளிர் பறந்துவிடும்.

வழியில் வருவது துஸ் கோலு, உப்பு ஏரி. ஆகஸ்டில் தண்ணீர் வற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஜூலையில் கோதுமை அறுவடை, அக்டோபரில் வயலோரம் மலைமலையாகச் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு. அக்சராய் தாண்டினால் 3,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஹசன் மலை, பழைய எரிமலை. அதே சாலையில்தான் 13ஆம் நூற்றாண்டில் செல்ஜூக் துருக்கியர் காலத்து வணிகர் சத்திரமான அக்ஸிகரஹானும் இருக்கிறது. ஒட்டகங்கள் தங்கிப் போன இடம்.

அங்காராவிலிருந்து போகும்போது வலது பக்க ஜன்னல் சீட்டைக் கேளுங்கள், ஏரி, மலை இரண்டுமே அந்தப் பக்கம்தான். காலை பஸ்ஸாக இருக்கட்டும். மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் வெயில் அடிக்கும், எல்லோரும் திரையை இழுத்துவிடுவார்கள்.